பெட்டிக்குள் புயல்!

பார்வைக்கு அது ஒரு பெட்டி. நீளமான, மூலை மட்டமான இரும்புப் பெட்டி. பின்கதவைத் தூக்கினால் ஓர் அலமாரியையே உள்ளே தள்ளி விடலாம். சில கார்களில் அங்கே பிள்ளைகளுக்காக ஒரு குட்டி ஆசனமும் உண்டு. அதில் உட்கார்ந்தால் பின்பக்கம் ஓடும் சாலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால் டிரைவர் மிதியை அழுத்தினால்...?

பெட்டி பறக்கும்!

இதுதான் "டர்போ" பூட்டிய ஸ்டேஷன் வேகன். ரெயிலில் இருந்து இறங்கியவர்களை மூட்டை முடிச்சுகளோடு ஏற்றிப்போன வண்டி என்பதால் அமெரிக்காவில் அப்படிப் பெயர் வந்தது. பிரிட்டனில் இதை "எஸ்டேட்" என்கிறார்கள்.

1980, 1990-களில் செய்யப்பட்ட இந்தக் கார்களுக்கு அங்கெல்லாம் இன்னும் மவுசு குறையவில்லை. புதுக் கார் வாங்க வசதி இல்லாத குடும்பஸ்தர்கள் இதைத் தேடிப் போகிறார்கள். சிலருக்கு அது பல ஆண்டு உழைக்கிறது. சிலருக்கோ வாங்கிய மாதமே சேமிப்பைக் கரைத்து விடுகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? எல்லாம் எண்ணெய் செய்கிற வேலை!

பறக்கும் செங்கல்

இந்த வகைக் காரில் பெயர் பெற்றது சுவீடன் நாட்டு "வோல்வோ". 1927-ல் முதல் காரை வெளியிட்ட கம்பெனி அது. 1981-ல் தனது "240" காருக்கு டர்போ பூட்டியது. சதுர முகம் கொண்ட அந்தக் கார் 1985-ல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயத்தில் பட்டம் வென்றது. "பறக்கும் செங்கல்" என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள்.

1994-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. பிரிட்டிஷ் கார் பந்தயத்தில் வோல்வோ தனது "850" எஸ்டேட் வண்டியையே இறக்கியது. சாமான் ஏற்றும் வண்டிக்குப் பந்தயமா என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். அது எந்தப் பந்தயத்திலும் முதலில் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெயர் ஊரெல்லாம் பரவி விட்டது. (பந்தய வண்டியில் டர்போ கிடையாது. கடையில் விற்ற வண்டியில்தான் டர்போ!)

அதன் பிறகு வந்த "850 டி-5ஆர்" காரின் சக்தி 240 குதிரை. அதில் மஞ்சள் நிற வண்டிக்கு இன்றும் போட்டி அதிகம்.

குட்டிச் சக்கரம்

டர்போ என்பது என்ன?

எஞ்சினில் இருந்து வெளியேறும் சூடான புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலையும் அதிகம் எரிக்கலாம். வேகம் தானாக வரும். 1905-லேயே ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர் இதற்கு வழி கண்டுபிடித்துப் பதிவு செய்து விட்டார்.

அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது எது? மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே!

வேகமாக ஓட்டி வந்து உடனே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்று விடும். தங்கிய எண்ணெய், அடி பிடித்த பால் போலக் கருகிப் போகும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தியதும் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓட விடுகிறார்கள். முந்திய சொந்தக்காரர் அப்படிச் செய்தாரா? எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றினாரா? வாங்குகிறவர் அறிய வேண்டியது அதுதான்.

சூடாக இருந்தால் சந்தேகம்!

வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் சந்தேகப்படுவார். விற்பவர் முன்கூட்டியே ஓட்டி, குறையை மறைத்திருக்கலாம் அல்லவா?

எஞ்சின் ஓடும்போது நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இனிப்பு வாடையோடு வெண்புகை நிற்காமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது.

850-க்கு இன்னொரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவுவார்கள். அந்த ஓட்டை வழியாகப் புகை வந்தால், எஞ்சின் மூச்சு விடும் குழாய் அடைத்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால், உள்ளே அடைபட்ட காற்று எண்ணெயை வெளியே தள்ளி விடும். சாமான் விலை சொற்பம். ஆனால் மேலே உள்ள பாகங்களைக் கழற்றி மாட்டும் கூலி பெரிது!

எஞ்சினில் ஓடும் ரப்பர் பெல்ட்டும் முக்கியம். 850-ல் அது அறுந்தால் வால்வுகள் நொறுங்கும். வாங்கிய விலைக்கே வேட்டு! அதற்கு அண்ணனான "940 டர்போ"வில் பெல்ட் அறுந்தாலும் வண்டி நின்று விடுமே தவிர, எஞ்சின் சாகாது. குடும்பஸ்தருக்கு நான் 940-ஐத்தான் சொல்வேன்.

"சாப்" என்ற இன்னொரு சுவீடன் கம்பெனியின் பழைய "9-5" வண்டிகளில் எண்ணெய் களியாகக் கெட்டிப்படுவது உண்டு. கவனமானவர்கள் அடித்தொட்டியைக் கழற்றிப் பார்த்தே விலை பேசுகிறார்கள். அந்தக் கம்பெனி 2011-ல் திவாலாகி விட்டது.

நின்றுபோன மீட்டர்

ஓடிய தூரம் காட்டும் மீட்டரை நம்பலாமா? பழைய வோல்வோக்களில் மீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து போவது சகஜம். வண்டி ஓடும்; மீட்டர் ஓடாது!

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி உண்டு. பழைய கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை நடக்கிறது. அப்போது மீட்டரில் இருந்த எண்ணையும் குறித்து வைக்கிறார்கள். வண்டி நம்பரைக் கொடுத்தால் அரசாங்கக் கணக்கில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். மூன்று ஆண்டாக ஒரே எண் நின்றால் விஷயம் புரிந்து விடும்.

பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். அதனால் காரின் அடிப்பாகம் துருப்பிடிக்கும். ஆகவே மண்டி போட்டு அடியிலும் பார்க்க வேண்டும்.

லண்டன்வாசிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி. புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத கார் நகருக்குள் ஓடினால் நாளொன்றுக்கு 12½ பவுன் கட்டணம். 2023 ஆகஸ்டு 29-ந் தேதி முதல் இது லண்டன் முழுமைக்கும் வந்து விட்டது. ஆனால் 40 வயது தாண்டி, பழம்பெரும் வாகனமாகப் பதிவான காருக்கு இந்தக் கட்டணம் இல்லை. ஆகவே 1995-ல் பிறந்த 850 பணம் கட்டுகிறது. 1983-ல் பிறந்த 240 டர்போ, புகை விட்டுக்கொண்டே ஓசியில் போகிறது!