'ஓர்' என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தின் 'ஓர்' என்ற இணைப்புச்சொல்லுக்கு 'அல்லது' எனப் பொருள் எழுதி, பாடசாலையிலேயே அதனை முடித்துவிட்டோம். அது போதவில்லை.

'டீ ஓர் கோப்பி?' என்று கேட்பவரின் குரல் இறுதியில் தாழ்ந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டிலும் உயர்ந்தால், ஏதேனும் அருந்துவீர்களா என்பதே வினா. தமிழில் 'தேநீரா, கோப்பியா' வேறு. 'தேநீரோ கோப்பியோ' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

தேநீரில் பிழைத்தால் நட்டமில்லை. விசாரணையில், 'அடித்தார்களோ மிரட்டினார்களோ' என்ற கருத்தில் கேட்கப்படும் வினாவுக்கு, அடியை மட்டும் நினைத்து 'இல்லை' என்றால் மிரட்டலும் இல்லையென்றே பதிவாகும்.

எதிர்மறை வாக்கியமும் அப்படியே. 'வேலை ஓர் படிப்பு கூடாது' என்றால் இரண்டும் கூடாது. ஒன்றைத் தவிர்த்தால் மற்றது செய்யலாமென்று நம்பிய இளைஞர் ஒருவரை அறிவேன்.

1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, நியாயமான அச்சத்துக்குரிய காரணங்களாக இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவின் உறுப்புரிமை, அரசியற் கருத்து ஆகிய ஐந்தைக் கூறுகிறது. கடைசிக் காரணத்துக்கு முன் நிற்பது 'ஓர்'. ஐந்தும் வேண்டியதில்லை, நமது தமிழ் 'ஓர்' போல, ஒன்றே போதும். 'நான் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லையே' என்று வருந்துவோருக்கு இவ்வரியையே வாசித்துக் காட்டுகிறேன். தன் நாட்டின் பாதுகாப்பைப் பெற 'இயலாதவர்', அச்சத்தால் 'விரும்பாதவர்' என்ற இரண்டுக்கும் நடுவிலும் அதே சொல்தான் நிற்கிறது.