ஃபோர்க்லிஃப்டுக்குள் ஒரு முக்கோணம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கோடவுன் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் புதிதல்ல. இரண்டு இரும்பு ஃபோர்க்குகளைப் பாலெட்டுக்கு அடியில் நுழைத்து, ஒரு டன், இரண்டு டன் சரக்கை அலுங்காமல் தூக்கி, தலைக்கு மேலே இருக்கும் ரேக்கில் வைத்துவிட்டுத் திரும்பும் வண்டி. அது ஏன் கவிழ்கிறது என்று கேட்டால் “வேகமா ஓட்டினா கவிழும்” என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் நின்ற இடத்திலேயேகூட அது கவிழும். பாதுகாப்புப் பயிற்சி அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

இதன் முன்னோடி, 1917-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிளார்க் நிறுவனம் தன் ஆலைக்குள் பொருள்களைக் கொண்டுசெல்ல உருவாக்கிய வண்டி. அது சரக்கைச் சுமந்து ஓடியது, உயரத் தூக்கவில்லை. தூக்கும் மாஸ்ட் பிறகு வந்தது. ஆபத்தும் அதனோடுதான் வந்தது.

பள்ளியில் படித்த நெம்புகோலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முன் அச்சுதான் ஆதாரப்புள்ளி. அதற்கு முன்னால் சரக்கு. பின்னால் வண்டியின் எடையும், அதன் முதுகில் வார்த்து வைத்திருக்கும் பெரிய இரும்புக் கட்டியும். 2.5 டன் தூக்கும் வண்டி என்றால், எப்படி வைத்தாலும் 2.5 டன் தூக்கும் என்று பொருளல்ல. சரக்கின் எடைமையம் ஃபோர்க்கின் நிமிர்ந்த பகுதியிலிருந்து 500 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு. அந்த நிமிர்ந்த பகுதி முன் அச்சிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளமான பெட்டி ஒன்றின் எடைமையம் 800 மில்லிமீட்டருக்குப் போய்விட்டால், அதே வண்டி தாங்குவது சுமார் 1,900 கிலோதான். 2,300 கிலோ பெட்டியைத் தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பக்கூடும். ஆபரேட்டர் ஆக்சிலரேட்டரைத் தொட்டிருக்கவே வேண்டாம். ஒவ்வொரு வண்டியிலும் திறன் தகடு ஒன்று பதித்திருக்கும். இந்த எண்களெல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது.

பக்கவாட்டில் கவிழ்வது இன்னும் நுட்பமான விஷயம். வண்டிக்கு நான்கு சக்கரங்கள் இருந்தாலும், பின் அச்சு நடுவில் ஒரே ஊசியில் தொங்கி இருபுறமும் ஆடும்படி அமைந்திருக்கும். மேடுபள்ளத்தில் எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொட அது தேவை. ஆகவே நிலைத்தன்மையைப் பொறுத்தவரை அது நான்கு கால் மேசையல்ல, முக்காலி. முன்சக்கரங்கள் இரண்டு மூலைகள். பின் அச்சின் ஊசி மூன்றாவது மூலை. வண்டியும் சரக்கும் சேர்ந்த எடைமையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் சாயும்.

இதைப் புரிந்துகொண்டவருக்கு, சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளுக்கெல்லாம் காரணம் தெரிந்துவிடும். சரக்கை உயர்த்த உயர்த்த எடைமையமும் மேலே போகிறது. அப்போது சிறு சாய்வே அதை வெளியே தள்ளப் போதும். அதனால்தான் ஃபோர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, மாஸ்ட்டைப் பின்னால் சாய்த்து ஓட்டச் சொல்கிறார்கள். காலி வண்டி பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். அதன் எடைமையமோ பின்னால், முக்கோணம் குறுகும் பக்கமாக இருக்கிறது. ஒரே வளைவில் வேகம் இருமடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். லோடை இறக்கிவிட்டு வெறும் வண்டியை விரட்டித் திருப்புகிறவர்தான் பக்கவாட்டில் கவிழ்கிறார். சாய்தளத்திலும் இதே கணக்குதான். கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். லோடுடன் இறங்கினால் ரிவர்ஸில் இறங்க வேண்டும். காலி வண்டிக்கு இது நேர் எதிர்.

வண்டி கவிழத் தொடங்கிவிட்டால் மனித இயல்பு குதிக்கச் சொல்லும். அதுதான் உயிரை எடுப்பது. சாயும் பக்கமே குதிப்பவர் மேல், அவரைக் காக்க அமைத்த மேற்கூரைக் கம்பிகளே வந்து விழும். சீட் பெல்ட்டோடு இருக்கையிலேயே இருந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் உடலைச் சாய்க்க வேண்டும். இயல்புக்கு எதிரான இந்தச் செயலை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. வண்டியில் உட்காரவைத்து, கையும் காலும் பழகும்வரை செய்யவைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் 1998-இல் வந்த விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. வகுப்பு, செய்முறை, வேலை செய்யும் இடத்திலேயே மதிப்பீடு என மூன்றும் வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி மதிப்பிட வேண்டும். விபத்திலிருந்து மயிரிழையில் தப்பினாலும், வண்டியின் வகை மாறினாலும் மீண்டும் பயிற்சி. நம் நாட்டில், தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்த 111அ பிரிவு, பாதுகாப்புத் தகவலும் பயிற்சியும் பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே எழுதியது. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறது.

ஆனால் எந்தப் பயிற்சியும் ஆபரேட்டரோடு நின்றுவிடக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி. முன்பக்கம் இடப்புறம் திரும்பும்போது பின்பக்கம் வலப்புறம் வீசும். ரேக்குக்கும் வண்டிக்கும் நடுவே நிற்கிறவரை நசுக்குவது அந்த வீச்சுதான். அங்கே நிற்கிறவர்கள் லோடுமேன், லாரி டிரைவர், கூட்டிப் பெருக்கும் பெண்கள். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்து, அடுத்த மாதம் வேறு கோடவுனுக்குப் போய்விடுகிறவர்கள். இவர்கள் பெயர் பயிற்சிப் பட்டியலில் அபூர்வமாகத்தான் ஏறுகிறது. முதல் நாள் காலையில், நின்றிருக்கும் வண்டியைச் சுற்றிக் கூட்டிப்போய், பின்பக்கம் எவ்வளவு தூரம் வீசும், தூக்கிய ஃபோர்க்குக்கு அடியில் ஏன் போகக் கூடாது, ஆபரேட்டர் பார்வையில் படாத இடம் எது என்று காட்ட அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காமல் எவரையும் உள்ளே வேலைக்கு விடக் கூடாது.