நமக்குவாலாந்து டெய்சி

நமக்குவாலாந்து டெய்சி (தாவரவியற் பெயர்: டைமோர்போதீக்கா சினுவேட்டா) என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, ஓராண்டு மட்டுமே வாழும் பூஞ்செடி ஆகும். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலுள்ள நமக்குவாலாந்தும் நமீபியாவின் தென்பகுதியும் இதன் தாயகமாகும். இந்தியச் சமவெளித் தோட்டங்களில் இது குளிர்காலப் பூச்செடியாக விதையிலிருந்து வளர்க்கப்படுகின்றது.

தோற்றமும் வாழ்முறையும்

செடி ஏறத்தாழ 30 செ.மீ. உயரம் வளரும். பூக்கள் பெரும்பாலும் செம்மஞ்சள் நிறமுடையவை. வெளிர்மஞ்சள், வெண்ணிற வகைகளும் உண்டு. அவை வெயிலில் விரிந்து, இரவிலும் மேகமூட்டமான வேளையிலும் மூடிக்கொள்ளும். நமக்குவாலாந்து மிக வறண்ட நிலம். அங்கு குளிர்காலத்தில் பெய்யும் சிறு மழையில் முளைக்கும் இச்செடிகள், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நிலத்தை மூடிப் பூக்கின்றன. கோடையில் செடி மடிந்துவிடும். விதை மட்டுமே மண்ணில் எஞ்சும்.

இருவகை விதைகள்

பேரினப் பெயரான டைமோர்போதீக்கா, கிரேக்க மொழியில் இருவடிவக் கனி எனப் பொருள்படும். பூத்தலையின் ஓரத்திலுள்ள கதிர்ச் சிறுமலர்கள் சிறகற்ற, சொரசொரப்பான விதைகளைத் தருகின்றன. நடுவிலுள்ள வட்டத்தட்டுச் சிறுமலர்கள் தட்டையான, சிறகுடைய விதைகளைத் தருகின்றன. இவ்விரு வகைகளும் முளைக்கும் தன்மையில் வேறுபடுகின்றன. தட்டை விதைகள் எளிதில் முளைக்கும். எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைத்து, அடுத்த மழை பொய்த்தால் ஒரு தலைமுறையே அழிந்துவிடும். விதைகள் வெவ்வேறு காலத்தில் முளைப்பதால் அவ்வழிவு தவிர்க்கப்படுகின்றது.

காங்கேயம் பகுதியின் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் வளரும் கொழுக்கட்டைப் புல்லும் இதற்கு ஒப்பாகும். அப்புல்லின் புதிய விதைகளும் உடனே நன்கு முளைப்பதில்லை. சில மாத உறக்கத்திற்குப் பின்னரே முளைப்புத் திறன் கூடும்.

விதைத்து வளர்த்தல்

வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள காங்கேயம் போன்ற சமவெளிகளில், கனமழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலம் விதைப்புக்கு ஏற்றது. கோடை வெப்பத்தில் இச்செடி தாங்காது.

நீர் தேங்காத செம்மண்ணுடன் மணலும் சிறிதளவு மட்கிய தொழு உரமும் கலந்து தொட்டியில் இட வேண்டும். விதைகளைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஏறத்தாழ இரு வாரங்களில் முளை வரும். நாற்றுகளை 20 செ.மீ. இடைவெளியில் கலைத்துவிட்டு, முழு வெயிலில் வளர்க்க வேண்டும். உரம் மிகுந்தால் இலை பெருகிப் பூ குறையும். விதைத்த எட்டு முதல் பத்து வாரங்களில் பூக்கும்.

காய்ந்த பூத்தலைகளிலிருந்து இரு வடிவ விதைகளையும் சேகரித்து, உலர்ந்த இடத்தில் அடுத்த பருவம் வரை வைக்கலாம். வடிவம் வேறுபட்டவற்றைப் பதர் எனக் கருதி எறிதல் தவறாகும்.

எச்சரிக்கை

இப்பேரினத்தின் வேறு சில இனங்கள் சயனைடை வெளிவிடும் வேதிப்பொருள்களைக் கொண்டவை. அவற்றை மேய்ந்து தென்னாப்பிரிக்காவில் ஆடுகள் இறந்துள்ளன. நமக்குவாலாந்து டெய்சி ஆத்திரேலியாவிலும் கலிபோர்னியாவிலும் தோட்டங்களிலிருந்து வெளியேறித் தானே பரவியுள்ளது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பார்த்தீனியம் இந்திய மேய்ச்சல் நிலங்களுக்கு விளைவித்த கேடு நன்கறியப்பட்டது. எனவே காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளில் இவ்விதைகளைத் தூவாமல், வீட்டுத் தொட்டிகளில் மட்டும் வளர்ப்பதே தக்கது.