மின்சாரத்துக்கும் இடம் வேண்டும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவை ஒட்டிய மெக்கன்சி சாலையில்தான், 1905இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்களுக்கான மின்நிலையம் இருந்தது. மறு ஆண்டே நகராட்சி அங்கிருந்து மின்சாரம் வாங்கித் தெருவிளக்குகளை எரியவிட்டது. இன்று ஊர் நடுவே மின்நிலையத்துக்கு ஏது இடம்? தொலைவில் உற்பத்தியாகும் மின்சாரம் மண்ணுக்கடியில் வருகிறது. அதன் கேபிள்களுக்காகவே மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமம் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் 35 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைந்திருக்கிறது.

செம்புக் கேபிள்கள் இவ்வளவு இடம் கேட்பதற்குக் காரணம் சூடு. மின்னோட்டம் இரட்டித்தால் மின்தடை கிளப்பும் சூடு நான்கு மடங்காகும். ஆகவே கம்பி தடிக்க வேண்டும். கேபிள்களுக்கிடையே இடைவெளி வேண்டும். மின்னோட்டத்தைக் குறைப்பதற்காக மின்னழுத்தத்தை ஏற்றி, பிறகு இறக்கத் துணைமின்நிலையங்கள் வேண்டும்.

மின்தடையே இல்லாத பொருள்களும் உண்டு. அவைதான் மீகடத்திகள். 1911இல் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் இதைக் கண்டபோது மைனஸ் 269 டிகிரிக் குளிர் தேவைப்பட்டது. 1987இல் யிட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த ஒரு சேர்மம் மைனஸ் 180 டிகிரியிலேயே மீகடத்தியானது. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும், விலை மலிவான திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கப் போதும்.

ஆனால் அது பீங்கான்போல் நொறுங்கும். கம்பியாக இழுக்க வராது. எனவே மெல்லிய உலோக நாடாவின்மேல், நானோமீட்டர் கணக்கிலான இடையடுக்குகளைப் படியவைத்து, அவற்றின்மேல் ஓரிரு மைக்ரோமீட்டர் தடிமனில் மீகடத்தியை வளர்க்கிறார்கள். 4 மில்லிமீட்டர் அகல நாடா ஒன்றே 100 ஆம்பியருக்குமேல் தாங்கும்.

இன்னொரு சிக்கல் உண்டு. காந்தப்புலம் மீகடத்திக்குள் நுண்சுழல்களாக நுழையும். மின்னோட்டம் அவற்றைத் தள்ளும். அவை நகர்ந்தால் மின்தடை திரும்பிவிடும். ஒருகாலத்தில் மாட்டுக் கொட்டில்கள் இருந்த லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்தார் பாணியில் சொன்னால், அவற்றை முளையடித்துக் கட்டவேண்டும். சில நானோமீட்டர் அளவுள்ள பேரியம் சிர்கோனேட் துகள்களே அந்த முளைகள். அவற்றை அடுக்குக்குள் தூவி வளர்த்தால், சுழல்கள் அசையாமல் நிற்கும். நாடா தாங்கும் மின்னோட்டமும் கூடும்.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014இல் வேறொரு செம்பு ஆக்சைடு மீகடத்தியாலான கேபிள் ஒரு கிலோமீட்டருக்குப் போடப்பட்டது. 1,10,000 வோல்ட் கேபிள் செய்யும் வேலையை அது 10,000 வோல்ட்டிலேயே செய்தது. அழுத்தம் குறைந்ததால், நகர நடுவே பெரிய மின்மாற்றிகளுக்கு நிலம் ஒதுக்கும் தேவையும் குறைந்தது.

சிங்கப்பூருக்கு உதவக்கூடியதும் இந்த நிலச் சேமிப்புதான். மின்னிழப்பில் மிச்சமாவதில் ஒரு பகுதியை இரவும் பகலும் ஓடும் குளிரூட்டும் இயந்திரங்கள் விழுங்கிவிடும். அதனால் நெடுந்தொலைவைவிட, அடர்ந்த நகருக்குள் துணைமின்நிலையங்களை இணைக்கும் குறுகிய பாதைகளே இதற்கு ஏற்றவை.

இதற்கிடையே 2025இல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரியாண்டோ குழு, செம்புக்குப் பதில் நிக்கல் கொண்ட ஆக்சைடு சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 233 டிகிரி அளவில் மீகடத்தியாவதைக் காட்டியது. திரவ நைட்ரஜன் அந்தக் குளிரைத் தராது. ஆகவே அது இன்றைய கேபிளுக்கு உதவாது. ஆனால் தேட வேண்டிய இடம் செம்பு ஆக்சைடுகளோடு முடிந்துவிடவில்லை என்பது அதனால் தெரிந்திருக்கிறது.