‘வயசாயிடுச்சு... அதான் மறதி!’ என்று விட்டுடாதீங்க

போளூரில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஜமுனாமரத்தூரில் இறங்கினால், சித்திரை வெயிலிலும் உடம்புக்கு இதமாக ஒரு காற்று வரும். ஜவ்வாது மலைக்குப் படிக்கிற காலத்தில் மூலிகை பார்க்கப் போனேன். இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன். சாமை, தேன், கடுக்காய், பலா, புளி... இல்லாதது எது அந்த மலையில்? அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு முகாம். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரை மகன் கூட்டி வந்தார். “அப்பாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சுங்கய்யா. ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போறாரு, எங்கே விட்டாருன்னு தெரியலே. வயசாயிடுச்சு, அதான்...” என்றார். நானும் நாடி பார்த்தேன், நாலு கேள்வி கேட்டேன், வல்லாரை நெய் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூளைக்கு வல்லாரை என்று படித்தவன் அல்லவா!

அடுத்த மாதம் போனபோது, அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வந்தார்கள். கால் இழுக்கிறது. பகலெல்லாம் தூக்கம். இந்தத் தடவை அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். “புளி உலுக்கப் போயி மரத்துலேருந்து சறுக்கி விழுந்தாரு. அதுக்கப்புறம்தான் சாமி இப்படி” என்றார் அந்த அம்மா, சாதாரணமாக.

எனக்குச் சுரீர் என்றது. விழுந்தாரா என்று நான் கேட்கவே இல்லையே! அன்றைக்கே வேலூருக்கு அனுப்பினேன். ஸ்கேனில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. வயதானவர்களுக்குத் தலையில் லேசாக அடிபட்டாலும், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து மூளையை இப்படி அழுத்துவது உண்டு. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறகு நான் பார்த்தபோது தன் ஆடுகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார். இன்னும் ஒரு மாதம் வல்லாரை நெய்யை நம்பி உட்கார்ந்திருந்தால்..? நினைக்கவே பயமாக இருக்கிறது.

எல்லா மறதியும் ஒன்றல்ல என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். பி12 வைட்டமின் குறைந்தாலும் வரும். துணையை இழந்த துக்கம் மனச்சோர்வாக மாறி, மறதி வேஷம் போடும். தூக்க மாத்திரை, அலர்ஜிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் கூடப் பெரியவர்களைக் குழப்பிவிடும். காது மந்தமானவர் நாம் சொன்னது காதில் விழாததால் பதில் சொல்லாமல் இருப்பார். நாமோ ‘மறந்துட்டார்’ என்போம்! நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் உளற ஆரம்பித்தால், சிறுநீரில் கிருமியா, நிமோனியாவா என்று உடனே பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன்... இதை முடிக்காமல் எந்த முறை வைத்தியத்தையும் ஆரம்பிக்காதீர்கள். சித்த வைத்தியனே இதைச் சொல்கிறேன்.

சரி, இதெல்லாம் இல்லை என்றால்? அப்போதுதான் டிமென்ஷியா எனும் மறதி நோய். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் 1906-ல் எடுத்துச் சொன்னதால் அந்தப் பெயர். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது நமக்கும் உண்டு. சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துப் பார்ப்பது வேறு. நாற்பது வருஷம் ரசம் வைத்த கை, எதற்குப் பிறகு எதைப் போடுவது என்று தெரியாமல் நின்றால் கவனியுங்கள். கேட்டதையே கேட்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் திணறுவது, ‘என் நகையைத் திருடிட்டே’ என்று மருமகளைச் சந்தேகப்படுவது... இவையும் அறிகுறிகளே. அந்த மருமகள் படும் பாடு இருக்கிறதே! அம்மா, அது மாமியாரின் குணமல்ல, நோய். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ‘மலைக்காற்று, சாமைச் சோறு, அங்கே ஏது மறதி?’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாமை நல்லதுதான். ஆனால் சிறு வயதில் பள்ளிக்கூடம் போகாதது, புகை, சாராயம், கவனிக்காத ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து வேலையைக் காட்டிவிடும்.

இன்னொரு சிக்கல். மலையில் ஒரு பாட்டியிடம் ‘இன்னிக்குத் தேதி என்ன?’ என்று கேட்டு, தெரியவில்லை என்றதும் மறதி என்று எழுதினால் அது நம் மடமை. அவருக்கு எதற்குத் தேதி? சந்தை நாள் என்றைக்கு, சாமை விதைத்து எத்தனை நாளாச்சு என்று கேட்டுப் பாருங்கள். வட இந்தியாவில் ஹரியானா பக்கம் பல்லப்கர் கிராமங்களில் இதற்காகவே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ற கேள்விகளைத் தயாரித்தார்கள். அது 1995-ல் வெளிவந்தது.

வராமல் தடுக்க முடியுமா? 2024-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றை ஆயுள் முழுக்கக் கவனித்தால் கிட்டத்தட்ட பாதி பேருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. பி.பி., சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, தலைக்காயம் எல்லாம் அதில் உண்டு. நாம் அலட்சியமாக விடுகிற மூன்றும் உண்டு: காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை. காட்ராக்ட் ஆபரேஷனும் காது மெஷினும் மூளைக்கும் மருந்து என்றால் நம்புவீர்களா?

‘டாக்டர், நீங்க வல்லாரை பற்றிச் சொல்லவே இல்லையே?’ என்பீர்கள். துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. ஆனால் வந்துவிட்ட டிமென்ஷியாவை முழுவதும் குணப்படுத்தும் மருந்து இன்று எந்த முறை வைத்தியத்திலும் கிடையாது. ‘ஞாபக சக்திக்கு ஸ்பெஷல்’ என்று பஸ் ஸ்டாண்டில் விற்கும் பற்பம், செந்தூரங்களை வாங்கிக் கொடுத்துப் பெரியவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அன்றைக்கு ஊர்வலம் போகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். (மறதி நோய் யாருக்கு?) பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அம்மாவோடு அடுப்படியில் அரை மணி உட்காருங்கள், அவர் கை எங்கே தடுமாறுகிறது என்று தெரியும். கோடை லீவில் பேரன் பேத்திகளோடு கண், காது பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம். மழைக்காலத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்காத தரையும் பிடிமானமும் போட்டுவிடுங்கள். தீபாவளிக்குப் புடவை எடுக்கும்போது ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்களிடம் மறதியையும் சொல்லுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் இருக்கிறது.

கடைசியாக அதே மலையில் பார்த்த ஒரு பாட்டி. அவருக்கு உண்மையான டிமென்ஷியா. மகன் பெயர் தெரியாது. சாயங்காலம் ஆனால் எங்கேயோ புறப்பட்டுவிடுவார். பூட்டி வைத்துப் பார்த்தார்கள், கதவைப் பிறாண்டி அழுதார். பிறகு வீட்டுக்காரர்கள் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்தார்கள். இப்போது வழியில் எந்தப் பையன் பார்த்தாலும் கையைப் பிடித்து, “வா பாட்டி, கஞ்சி ஆறுது” என்று திருப்பி அழைத்து வருகிறான். பகலில் அவர் முன் ஒரு முறம் சாமையை வைக்கிறார்கள். புடைக்கிறார், கல் பொறுக்குகிறார். முடிந்ததும் பேத்தி அதையே கலந்து மறுபடி வைக்கிறாள்.

“ஏமாத்தறோமேன்னு இருக்குங்கய்யா” என்றாள் அந்தப் பெண். “கல் எல்லாம் சரியா பொறுக்கறாங்களா?” என்று கேட்டேன். “ஒண்ணு கூட விடமாட்டாங்க” என்றாள்.