துடைத்த பிறகும் திரும்பி வரும் தேடல் பக்கம்

பிரவுசரைத் திறக்கிறீர்கள். வழக்கமாக வரும் கூகுளுக்குப் பதிலாக, கேள்விப்படாத பெயரில் ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கிறது. செட்டிங்ஸுக்குப் போய் மாற்றிவிடுகிறீர்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் மறுபடி அதே பக்கம். இந்த நிலையில் பலர் அப்படியே சகித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்; சிலர் கடைக்குத் தூக்கிப் போய், பணம் கொடுத்து விண்டோஸையே புதிதாகப் போட்டு வருகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே தேவைப்படாது. பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுதில் நீங்களே சரிசெய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாறிப்போன முகப்புப் பக்கம் வெறும் விளைவு. அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிற ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடிக்காதவரை எத்தனை முறை மாற்றினாலும் வேலைக்கு ஆகாது.

இதைச் செய்கிறவர்களின் நோக்கம் பணம்தான். நீங்கள் தேடும் ஒவ்வொரு சொல்லும் அவர்கள் வழியாகப் போனால், அதோடு வரும் விளம்பரங்களில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கும். 2017இல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'ஃபயர்பால்' என்ற மென்பொருளைப் பற்றி எழுதியது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ராஃபோடெக் என்ற டிஜிட்டல் விளம்பர நிறுவனம் பரப்பியது அது. உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது, அதில் 2.5 கோடிக்கு மேல் இந்தியாவில் என்பது செக் பாயிண்ட் போட்ட கணக்கு. எண்ணிக்கை மிகைப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. அது எப்படியானாலும், என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று: முகப்புப் பக்கத்தை மாற்றிய அதே மென்பொருளுக்கு, வெளியிலிருந்து எந்தப் புரோகிராமையும் இறக்கி ஓட்டும் வசதியும் இருந்தது. இன்று விளம்பரம் காட்டுகிறவர் நாளை உளவு பார்க்கவும் கதவு திறந்தே இருக்கிறது. ஆகவே 'தொல்லைதானே, போகட்டும்' என்று விட்டுவைக்காதீர்கள்.

வேலையைத் தொடங்கும் முன், அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை எதுவும் செய்யாமல் நிறுத்துங்கள். சுத்தமாகும்வரை செல்போன் போதும்.

முதலில் எளிதானதைப் பார்த்துவிடலாம். திரையின் வலது கீழ் ஓரத்தில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று அடிக்கடி ஒரு பெட்டி எழும்புகிறதா? அடுத்த முறை வரும்போது அதை மூடாமல் உற்றுப் பாருங்கள். எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ஏதோ ஆண்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னம் மாதிரி ஒரு படம். அதற்கு அடியிலோ ஓரத்திலோ, மங்கலான பொடி எழுத்தில், குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் ஓர் இணையதள முகவரியும் இருந்தால், அது வைரஸே இல்லை. என்றோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ பட்டனை அழுத்துங்கள்' என்று கேட்டிருப்பார்கள். வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அறிவிப்பு அனுப்ப அந்தத் தளத்துக்கு அப்படித்தான் அனுமதி போயிருக்கிறது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் (எட்ஜில் பெயர்கள் சற்று மாறும்), தெரியாத முகவரிகளையெல்லாம் நீக்குங்கள். பல வீடுகளில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி என்னென்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். பிடிஎஃப் மாற்றி, வீடியோ டவுன்லோடர், டிரைவர் அப்டேட்டர் என்ற பெயர்களில் நீங்கள் கேட்காதது இருந்தால் நீக்குங்கள். நீக்கும்போது 'உண்மையிலேயே போகவா?' என்று நாலு முறை கேட்டுப் பட்டன்களை இடம் மாற்றிக் காட்டும். ஒவ்வொன்றையும் படித்து அழுத்துங்கள்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் மிகவும் கவனிக்கப்படாத இடம் இது. எத்தனையோ எக்ஸ்டென்ஷன்கள் 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நல்ல எக்ஸ்டென்ஷன் நல்லதாகவே இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும்; 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் தன் கடையிலிருந்தே அதை அகற்றியது. வைத்திருந்தவர்கள் புதிதாக எதையும் டவுன்லோட் செய்யவில்லை. வழக்கமான அப்டேட் வழியாகவே எல்லாம் நடந்தது. அதனால் என் யோசனை கறாரானது: எதற்கென்று உடனே சொல்ல முடியாத எக்ஸ்டென்ஷன் எதையும் வைத்திருக்காதீர்கள்.

சில எக்ஸ்டென்ஷன்களுக்கு நீக்கும் பட்டனே இருக்காது. குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரியும் தெரியும். அலுவலக லேப்டாப்பில் அது இயல்பு. சில ஆண்டிவைரஸ்கள் போடும் அமைப்பாலும் வரும். சொந்தக் கம்ப்யூட்டரில், வேறு காரணம் இல்லாமல் இருந்தால், பிரவுசரைக் கடத்தியவர் தன்னை நிர்வாகியாக ஆக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். முகவரிப் பட்டையில் குரோம்://பாலிசி என்று ஆங்கிலத்தில் தட்டினால், என்னென்ன கட்டளை போட்டிருக்கிறார் என்று வரிசையாகத் தெரியும். எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவச் சொல்லும் கட்டளையும், தேடல் பக்கத்தைப் பூட்டிவைக்கும் கட்டளையும் அங்கேதான் இருக்கும். இவை சேமிக்கப்படும் இடம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி. பழக்கமில்லாதவர்கள் அங்கே கை வைக்க வேண்டாம். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவி இந்த மாதிரி எச்சங்களைத் தேடி எடுக்கவே உருவானது. அதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கருவியின் பெயரைத் தேடினால் விளம்பரமாக முதலில் வருவது போலியாக இருக்கலாம். ஏற்கெனவே உங்கள் தேடல் பக்கமே அடுத்தவர் கையில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவது இன்னும் நல்லது.

இதற்குப் பிறகும் காலையில் அந்தப் பக்கம் எழுந்து வந்தால், இரண்டு இடங்களைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால், டார்கெட் என்ற பெட்டியில் புரோகிராம் இருக்கும் பாதை இருக்கும். அந்தப் பாதை முடிந்த பிறகு, வால் போல ஓர் இணையதள முகவரி ஒட்டியிருந்தால் திருட்டு அங்கேதான். அந்த வாலை அழித்துவிடுங்கள். டாஸ்க்பாரில் உள்ள ஐகானுக்கும் இதே சோதனை உண்டு. இரண்டாவது இடம் டாஸ்க் ஷெட்யூலர். ஒவ்வொரு முறை நீங்கள் லாகின் செய்யும்போதும் ஒரு கோப்பை ஓட்டச் சொல்லி அங்கே எழுதிவைத்திருப்பார்கள். அர்த்தமில்லாத எழுத்துகளைக் கோத்த பெயரில், டெம்ப் ஃபோல்டரில் கிடக்கும் கோப்பை அழைக்கும் வேலை இருந்தால், அதை முதலில் டிஸேபிள் செய்துவிட்டுப் பாருங்கள். நீங்கள் அழித்ததையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பி வைத்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் வகைகளில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் தானே அணைந்து, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே சோதிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் மென்பொருள் அப்போது அகப்படும். பிறகு பிரவுசரை ரீசெட் செய்யுங்கள். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது. குரோமில் சிங்க் போட்டிருந்தால், ரீசெட் செய்யும் முன் அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வீட்டிலுள்ள இன்னொரு லேப்டாப்பிலிருந்து அதே எக்ஸ்டென்ஷன் திரும்பி வந்துவிடும்.

அதே வைஃபையில் இருக்கும் செல்போனும் வேறு பக்கங்களுக்குத் தாவுகிறது என்றால் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பு, அதாவது தளங்களுக்கு வழிகாட்டும் அமைப்பு, மாறியிருக்கலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மென்பொருள் கம்ப்யூட்டர்களிலும் சில ரவுட்டர்களிலும் இந்த அமைப்பைத்தான் மாற்றியது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ நடத்திய விசாரணையில், அதை இயக்கிய எஸ்டோனியக் கும்பல் பிடிபட்டபோது உலகில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் அவர்கள் காட்டிய வழியில் போய்க்கொண்டிருந்தன. ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதன் நிர்வாகப் பாஸ்வேர்டைப் புதிதாக வையுங்கள்.

பிரவுசர் சரியாகிவிட்டது. ஆனால் உளவு மென்பொருள் இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை. இன்றைய தகவல் திருடும் மென்பொருள்களில் பல, நாள் கணக்கில் தங்குவதே இல்லை. சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருக்கும் தளங்களின் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கி கையில் இருந்தால், பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமலேயே உங்கள் மெயிலுக்குள் நுழைய முடியும். ஆகவே சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுவதோடு, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். மெயிலில் தொடங்குங்கள், மற்ற கணக்குகளின் சாவியெல்லாம் அதில்தான். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

முழுத்திரையில் சைரன் ஒலியோடு ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டி அழைக்கச் சொன்னால் அழைக்கவே வேண்டாம். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினால் போதும். ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் போன்ற, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை நிறுவியிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள்.

இதெல்லாம் எப்படி உள்ளே வந்தது என்ற விசாரணை வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைகள் தலையில் முடிகிறது. அது நியாயமில்லை. 2014இல் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில், சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் பெட்டியைப் பிரிக்கும் முன்பே உள்ளே இருந்தது. பாதுகாப்பான இணைப்புகளையும் இடையில் புகுந்து படிக்கக்கூடியது. மற்றபடி இலவச மென்பொருளை நிறுவும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திப் போவதுதான் பெரிய வாசல். கஸ்டம் இன்ஸ்டால் என்பதைத் தேர்ந்தெடுத்தால், கூடவே ஒட்டி வருவதன் டிக்கை எடுத்துவிடலாம். தமிழில் தட்டச்சு செய்ய வேண்டி ஏதேதோ தளங்களில் இறக்குகிறவர்கள் பலர். இப்போதைய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. கிராக் செய்த மென்பொருளும் ஆக்டிவேட்டரும் இன்னும் மோசம். நிறுவும் முன் ஆண்டிவைரஸை அணைக்கச் சொல்லி அவையே கேட்கின்றன. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோலில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதை ஆன் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு கொடுங்கள்.

எல்லாம் செய்தும் ஸ்கேனில் ஏதாவது மறுபடி மறுபடி தலைகாட்டினால் போராடிக்கொண்டிருக்காதீர்கள். போட்டோவையும் ஆவணங்களையும் மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, ரீசெட் திஸ் பிசியில் எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வோடு கிளவுட் டவுன்லோடைக் கொடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய இன்ஸ்டாலர்களைக் கூடவே தூக்கி வராதீர்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தொடர்கின்றன. கம்ப்யூட்டருக்கு வசதி இருந்தால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே விண்டோஸ் 11க்கு மாறிவிடுங்கள்.