ஒரு நோயாளி, பல கைகள்



நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அண்மையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். பிரஷருக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு வந்தவர். புதிதாக எழுதிக் கொடுத்ததும் அதே மருந்துதான். கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர், மூன்றாம் நாள் வுளூ செய்ய எழுந்தபோது தலைசுற்றி விழுந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், பெரிய காயமில்லை. டாக்டர், நர்ஸ், மருந்துக் கடைக்காரர் என அவரவர் தம் வேலையைச் செய்தே இருந்தார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இந்த இடைவெளியை அடைக்கப் படிக்கும் காலத்திலேயே பயிற்சி தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட அறிக்கை வலியுறுத்தியது. மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பது மட்டும் போதாது. ஒருவர் பணியை மற்றவர் அறிந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும்.

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் இதை 1986இலேயே தொடங்கியது. 1996இல் அங்கே ஒரு பயிற்சி வார்டும் உருவானது. பல துறை மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைச் சேர்ந்தே கவனிப்பார்கள். காயம் ஆறியதா என்பதை மருத்துவ மாணவர் பார்ப்பார். இரவில் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்பது நர்சிங் மாணவிக்குத் தெரியும். வீட்டுப் படியேற முடியுமா என்பதை பிசியோதெரபி மாணவர் சொல்வார். மூன்றும் சேர்ந்தால்தான் வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய முடியும்.

பேசிக்கொள்வதால் உயிர் பிழைக்குமா? உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நம் கல்வி உதவியில் படிக்கும் பிள்ளைகளிலும் இத்துறையினர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் "டாக்டருக்குப் படிக்கிறார்" என்று ஒருவரைப் பெருமையாகவும், "நர்ஸுக்குத்தான் படிக்கிறாள்" என்று இன்னொருவரைக் குறைத்தும் பேசுவது நாம்தான். அதைக் கேட்டு வளர்ந்த பெண், நாளை டாக்டர் எழுதிய மருந்தில் தவறைக் கண்டால் வாய் திறப்பாளா? அவள் வாய் திறக்காவிட்டால் பாதிக்கப்படுவது நம் வீட்டு நோயாளியாகவும் இருக்கலாம்.

ஆகவே நம் அடுத்த மருத்துவ முகாமில் இந்தப் பிள்ளைகள் அனைவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கத் தீர்மானித்துள்ளோம், இன்ஷா அல்லாஹ். வருவோர் வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும், பழையது புதியது பாராமல், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போதும், "எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.